மார்பு அறுவையும் ஒட்டு நாடாவும்

மார்பைத் திறந்து செய்யும் அறுவை மும்பைக்குப் புதிதன்று. பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் 1968-ஆம் ஆண்டிலேயே இருதய மாற்று அறுவையைச் செய்தார். ஆயினும் தையல் இட்டவுடன் அபாயம் நீங்கிற்றென்று எண்ணலாகாது.

நோவுக்கு அஞ்சிய நோயாளி மேலாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. அங்கே சளி தேங்கி நிமோனியா தோன்றக்கூடும்.

ஜப்பானியரான கென்ஸோ காஸே 1970-களில் வகுத்த, நீண்டு சுருங்கும் நாடாவை இயன்முறை மருத்துவர் சிலர் இத்தகையோருக்கு ஒட்டுகின்றனர். சிறு ஆய்வுகள் சிலவற்றில் நோவு தணிந்ததுண்டு. மூச்சு பெருகுமென்பதற்குச் சான்று போதாது.

ஆகவே நாடா ஒரு துணையே. அதனைத் தாமே ஒட்டிக்கொள்ளலாகாது. ஆறாத தையலின்மேல் படலாகாது. தோல் அரித்தால் அகற்றிவிட வேண்டும். வேளை தவறாது வலி மருந்து உண்ணுங்கள். தலையணையை மார்போடு அணைத்து இருமுங்கள். அடிக்கடி ஆழ்ந்து மூச்சிழுங்கள். தாராவியின் ஒற்றையறை வீட்டிலும் இதற்குத் தடையில்லை. வாயிற்சந்தில் மெல்ல நடக்கவும் செய்யலாம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ கண்டால் தாமதியாது மருத்துவரை நாடுங்கள்.