கோலத்துப் புள்ளியும் செம்பனை நிரையும்



கெடா மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் தாய் தந்தையர் பலர், "கணக்குப் பாடத்துக்கு நாங்கள் எப்படி உதவுவது? எங்களுக்குத்தான் படிப்பு இல்லையே" என்று ஒதுங்கிக்கொள்வதுண்டு. கூட்டல் கழித்தலை ஆசிரியரிடம் விட்டுவிட்டாலும், வடிவங்களைப் பொறுத்தமட்டில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை படிக்கும் சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டம் ஆகிய நான்கும் நீங்கள் நாள்தோறும் கையாள்பவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பந்தைக் காட்டி "இது என்ன வடிவம்?" என்று கேட்டால் பிள்ளை "வட்டம்" என்று சொல்லும். பந்து உருண்டை, வட்டம் தட்டையானது. பால் டின் ஒன்றைத் தாள்மேல் வைத்து, அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். டின்னை எடுத்த பிறகு தாளில் இருப்பதுதான் வட்டம். அதேபோல் தீப்பெட்டியைப் படுக்கவைத்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, நிமிர்த்தி ஒரு முறை வரையட்டும். ஒரே பெட்டி மூன்று வெவ்வேறு செவ்வகங்களைத் தரும். (குச்சிகளை நீங்கள் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்!)

அடுத்த குழப்பம் இதைவிட ஆழமானது. புத்தகத்தில் சதுரம் எப்போதும் நேராக உட்கார்ந்திருக்கும். அதையே சற்றுத் திருப்பி, ஒரு மூலை கீழே வரும்படி காட்டினால், "இது சதுரமில்லை, பட்டம்" என்று பிள்ளை சொல்லிவிடும். முக்கோணத்தின் கூர்முனை கீழே பார்த்தால் அதை முக்கோணம் என்று ஒப்புக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. அறிவு மந்தத்தால் அப்படிச் சொல்வதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதியர் பியேர் வான் ஹீலேயும் டினாவும் 1957-இல் தங்கள் ஆய்வுகளில் இதை விளக்கினார்கள். பிள்ளைகள் வடிவத்தை முதலில் முழுத் தோற்றத்தை வைத்தே அறிகிறார்கள். பக்கத்தையும் மூலையையும் கவனிப்பது அதற்கடுத்த படி. அந்தப் படிக்கு ஏற, கைவேலையும் பேச்சும் வேண்டும். ஏறாத பிள்ளைக்கு, பின்னால் பரப்பளவும் கோணமும் வரும்போது கணக்கே கசந்துபோகும்.

இங்கேதான் தாய்மார்களின் கோலம் கைகொடுக்கிறது. வாசலில் வரிசைக்கு ஐந்தாக, ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி நான்கைச் சேர்த்தால் சதுரம். அதை ஒரு பக்கமாக இன்னும் ஒரு புள்ளி நீட்டினால் செவ்வகம். பிறகு நடுப்புள்ளியை விட்டுவிட்டு, அதற்கு மேலும் கீழும் இடமும் வலமும் உள்ள நான்கு புள்ளிகளைச் சேருங்கள். பிள்ளை "பட்டம்" என்று சொல்லும். மறுக்க வேண்டாம். ஒரு நூலைக் கொடுத்து நான்கு பக்கங்களையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே நீளம். ஒரு தாளை மடித்து, மடித்த விளிம்பு அதன்மேலேயே படியும்படி மறுபடியும் மடித்தால் தச்சரின் மூலைமட்டம் போன்ற ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலையை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்க்கட்டும், நான்கிலும் பொருந்தும். சதுரம் திரும்பி நின்றாலும் சதுரமே என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். நாம் சொல்லி அது தலையாட்டுவது வேறு, இது வேறு.

மறுநாள் இடைப்புள்ளி வையுங்கள். ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும். இப்போது பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் முக்கோணங்கள் வரும். ஒன்று தலை மேலே பார்க்கும், அடுத்தது கீழே பார்க்கும்.

தந்தைமார் இதைக் காட்டிலே பார்த்திருப்பீர்கள். ரப்பர் மரங்களைப் பெரும்பாலும் நிரைக்கும் நிரைக்கும் அகலமாகவும் மரத்துக்கு மரம் நெருக்கமாகவும் நட்டார்கள். நான்கு மரங்களைச் சேர்த்தால் செவ்வகம். செம்பனை வந்தபோது கணக்கு மாறியது. சமநிலத்தில் செம்பனையை முக்கோணமாக நடுவார்கள், பொதுவாக மரத்துக்கு மரம் 9 மீட்டர். காரணம் என்ன? பனையின் மட்டைகள் வட்டமாக விரிகின்றன; வட்டங்களை நெருக்கி அடுக்க முக்கோண அமைப்பே சிறந்தது. 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ 123 மரம்தான் பிடிக்கும். முக்கோணமாக நட்டால் ஏறத்தாழ 142. மரத்துக்கு மரம் அதே இடைவெளி, அதே நிலம், 19 மரம் கூடுதல். இடைப்புள்ளிக் கோலமும் செம்பனைக் காடும் ஒரே வரைபடம் என்று சொன்னால் மிகையில்லை.

தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் குடிவந்த குடும்பங்களுக்குப் பத்துக் காசு நாணயங்கள் போதும். ஒன்றை நடுவில் வைத்து அதைச் சுற்றி அதே காசுகளை அடுக்கச் சொல்லுங்கள். சரியாக ஆறு காசு, இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்காரும். ஒட்டியுள்ள மூன்று காசுகளின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் மறுபடியும் முக்கோணம். தோட்டத்தில் இருப்பவர்கள் ஒரு செம்பனையருகே பிள்ளையை நிறுத்தி, மிக அருகிலுள்ள மரங்களை எண்ணச் சொல்லலாம். சமநிலமாக, மரம் விழாத இடமாக இருந்தால் அங்கும் ஆறுதான்.

பள்ளி விடுமுறையில் மெர்போக் பக்கம் போகிறவர்கள் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியக வளாகத்தில் உள்ள சண்டி புக்கிட் பத்து பஹாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1930-களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து கண்ட அந்தப் பழங்கோயில், 1960-இல் சீரமைக்கப்பட்டது. மேற்கூரை இல்லாததால் அடித்தளத்தின் வடிவம், தாளில் வரைந்ததுபோல் தெளிவாகத் தெரியும். கருவறை இருந்த பகுதி ஒன்று, முன்மண்டபம் ஒன்று. ஓரமாக நடந்து, பிள்ளை தன் காலடியால் ஒவ்வொரு பக்கத்தையும் அளக்கட்டும். எது சதுரம், எது செவ்வகம் என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். எண்ணி முடித்துவிட்டு அதுவே சொல்லட்டும்.