காலிப் புட்டியின் பொறுப்பு யாருடையது?



ஒரு பண்டத்தை உற்பத்தி செய்து லாபம் அடைகிறவர் ஒருவராகவும், அதை வாங்கி அனுபவிக்கிறவர் மற்றொருவராகவும் இருக்க, அதை அடைத்து வந்த தகரத்தையும் கண்ணாடியையும் அட்டையையும் தெருவிலிருந்து அள்ளிச் சுமக்கும் செலவு மட்டும் ஊரார் எல்லோர் தலையிலும் விழுவது எப்படி நியாயமாகும் என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் சில மாகாணங்கள் தங்கள் சட்டசபைகளிலே விடை தேடியிருக்கின்றன.

முதலில் தேடியது பசிபிக் கடலோரத்து ஆரெகன் மாகாணம். கடற்கரையெங்கும் பீர் டப்பாக்களும் குளிர்பானப் புட்டிகளும் சிதறிக் கிடப்பதைக் கண்டு மனம் பொறாத ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்ற சாதாரணப் பிரஜை, அதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பிரதிநிதிகளை விடாமல் வற்புறுத்தினார். 1969-இல் மசோதா தோற்றது. பானக் கம்பெனிகளும் டப்பா செய்வோரும் கடுமையாக எதிர்த்தும், ஆளுநர் டாம் மெக்காலின் ஆதரவோடு 1971-இல் அது நிறைவேறி, 1972 அக்டோபரில் அமலுக்கு வந்தது. புட்டிக்கு ஐந்து சென்ட் டெபாசிட் வாங்க வேண்டும், காலிப் புட்டி திரும்பினால் கடைக்காரர் அதைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சோடாப் புட்டிக்கு இருந்த பழைய வழக்கத்தையே அங்கே சட்டமாக்கினார்கள் எனலாம்.

காலப்போக்கில் ஐந்து சென்டின் மதிப்புக் குன்றியது; ஜனங்கள் புட்டியைத் திருப்பும் சிரத்தையும் குன்றியது. இதை எதிர்பார்த்தே, திரும்பி வரும் விகிதம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் டெபாசிட் இரட்டிப்பாகும் என்று பின்னாளில் ஒரு விதியைச் சேர்த்திருந்தார்கள். அதன்படி 2017 ஏப்ரலில் அது பத்து சென்டாயிற்று. விகிதமும் மறுபடி ஏறியது. எவரும் வந்து கேட்காத டெபாசிட் பணம் அங்கே விநியோகஸ்தர்களிடமே தங்கிவிடுகிறது என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. மிச்சிகன் மாகாணத்தில் அப்பணத்தின் முக்கால் பங்கு மாகாணத்தைச் சேர்ந்து, மாசடைந்த இடங்களைச் சுத்திகரிக்க உதவுகிறது. அதுவே தர்மம்.

புட்டி நீங்கிய மற்ற குப்பைக்கு என்ன வழி? கழிவுக் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் வாங்கிக்கொண்டிருந்த சீனா 2018-இல் கதவை அடைத்ததும், அதுவரை அவற்றை விற்று வந்த அமெரிக்கச் சிற்றூர்கள், அவற்றை அப்புறப்படுத்தவே பணம் கொடுக்க நேர்ந்தது. சில ஊர்கள் மறுசுழற்சியையே கைவிட்டன. இந்த நெருக்கடியின் பின்னணியில்தான் மெய்ன் மாகாணம், 2021 ஜூலையில், அந்நாட்டிலேயே முதன்முறையாக, பொட்டலப் பொருள்களுக்கு அவற்றைப் பயன்படுத்தும் கம்பெனிகளே கட்டணம் செலுத்த வேண்டுமென்றும், அந்த நிதியிலிருந்து ஊராட்சிகளின் மறுசுழற்சிச் செலவை ஈடுசெய்ய வேண்டுமென்றும் சட்டம் இயற்றியது. சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. சரக்கின் விலை ஏறிவிடும் என்று கம்பெனிகள் ஆட்சேபித்தன. ஆனால் அந்தச் செலவை வீட்டு வரியாக, கண்ணுக்குத் தெரியாமல், மக்கள் ஏற்கெனவே செலுத்திக்கொண்டுதானே இருந்தார்கள்?

நம் நீலகிரியிலும், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 முதல் மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டி திரும்பினால் திருப்பித் தருகிறார்கள். குப்பை வரியைப் பற்றி உங்கள் உள்ளாட்சி மன்றத்தில் பேச்சு எழும்போது, அந்தக் குப்பையை உண்டாக்கிய கம்பெனியின் பங்கு எவ்வளவு என்று எழுந்து நின்று கேளுங்கள்.