பிளேடில் எத்தனை பல்?

ஜிஐ பைப் அறுக்கும்போது ஹேக்சா பிளேடின் பல் பொலபொலவென்று கொட்டுகிறதா? கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் பிளேடைப் பாருங்கள். 18, 24, 32 என்று அச்சிட்டிருக்கும். ஒரு இஞ்சுக்கு அத்தனை பல். அறுபடும் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது பதிந்திருக்க வேண்டும். அரை இஞ்ச் பைப்பின் சுவர் சுமார் 2.5 மி.மீ.தான். 18 பல் பிளேடு போட்டால் இரண்டு பல்கூட அதில் நிற்காது. சுவர் விளிம்பு பல்லிடுக்கில் மாட்டும், பல் முறியும். 32 போடுங்கள், சீராக இறங்கும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் 32 வாங்கிவிடாதீர்கள். கனமான அலுமினியக் கட்டையில் அந்தப் பொடிப்பல் இடுக்கெல்லாம் தூள் அடைத்து, பிளேடு சும்மா தேய்க்கும். அங்கே 18தான். சாதாரண ஆங்கிளுக்கு 24 போதும். மெல்லிய தகரமா? 32-ம் உதவாது. இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, மரத்தோடு சேர்த்தே அறுத்துவிடுங்கள்.