தலைவாசலில் ஒரு மணச்செடி

வீடு கட்டி முடித்து, படலையும் இட்டு, முற்றத்தில் மணல் பரப்பிய பின்னர் வீட்டார் உள்ளத்தில் எழும் விருப்பங்களுள் ஒன்று, தலைவாசலிலே மணமுள்ள செடியொன்று நிற்கவேண்டும் என்பதாகும். இது சிறிய விருப்பந்தான். ஆயினும், வாசலிலே வேரூன்றிய செடி 20, 30 ஆண்டுகள் வீட்டோடு சேர்ந்து வாழ்வது. வருவோர் முதலிற் காண்பதும் அதனையே. போவோர் இறுதியிற் கடந்து செல்வதும் அதனையே. கிணற்று நீரிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. ஆகவே, அதனைத் தெரிந்தெடுப்பதிலே சிறிது ஆராய்ச்சி வேண்டும்.

பெரும்பாலோர் இவ்வாறு ஆராய்வதில்லை. யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டிலோ, கண்டியில் ஒரு தோட்டத்திலோ ஒரு பூவைக் காண்கின்றனர். அதன் மணம் உள்ளத்தைக் கவர்கின்றது. பதியன் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து திருகோணமலையிலே நடுகின்றனர். ஓராண்டு செல்வதற்குள் இலைநுனி கருகுகின்றது; அரும்பு உதிர்கின்றது; செடி மெலிந்து மடிகின்றது. நட்டவருக்குக் கைராசி இல்லை என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மணத்தை முதலிலும் இடத்தைப் பின்னரும் எண்ணியதனால் வந்த இழப்பு இது. இடத்தின் இயல்பை முதலில் அறிந்து, அவ்விடம் ஏற்கும் செடிகளுள் மணமுள்ளதைத் தெரிவதே முறையாகும்.

திருகோணமலையின் இயல்பு யாது? இந்நகரம் கூப்பிடு தூரத்தில் இரு கடல்களை உடையது. ஒருபுறம் குன்றுகள் சூழ, ஏரிபோல் அடங்கிக் கிடக்கும் உட்துறைமுகம். மறுபுறம் கோணேசர் கோயில் கொண்ட மலையின் அடியிலே வந்து மோதும் திறந்த கடல். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொணர்கின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி இம்மாதங்களிலேயே பெய்துவிடும். அக்காற்றே கடலின் உப்புத் திவலைகளையும் வாரிவந்து, திறந்த கடலை நோக்கிய வீடுகளின் மீது தூவுகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று மலைநாட்டிலே தன் மழையை இழந்து, கீழே இறங்குகையில் வெப்பமும் வறட்சியும் கொண்டதாகிக் கிழக்குக் கரையை அடைகின்றது. ஒரே ஊரில் ஒரு பருவத்திலே உப்பு, மற்றொரு பருவத்திலே வறட்சி. இவ்விரண்டையும் தாங்காத செடிக்கு இங்கே நெடுநாள் வாழ்வில்லை.

மூன்றாவது, கிணறு. கரையோர மணலிலே நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலெழும். பெயரிலேயே உப்பைத் தாங்கிய உப்புவெளி போன்ற இடங்களின் மக்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையேறியபோது கிழக்குக் கரையின் கிணறுகள் பல ஒரே நாளில் உவர்ப்பாயின. அவை மீண்டும் இனிக்கப் பருவமழையை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தகைய கரையிலே, நாள்தோறும் வாளி வாளியாக நீர் கேட்கும் ஒரு பூச்செடி வெறும் அலங்காரமன்று. அது குடிநீரிலே பங்கு கேட்பது.

இம்மூன்றையும் நினைவிற் கொண்டு செடிகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். முதலில் நினைவுக்கு வருவது மல்லிகை. இதன் பெருமை இத்தீவிலே பழையது. 1660ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலிலே மல்லிகையை ஒத்த வெண்மலர் ஒன்றைக் குறிப்பிடுகின்றார். நாள்தோறும் காலையில் அம்மலரை வெள்ளைத் துணியிற் சுற்றி மன்னனுக்கு எடுத்துச் செல்வர் என்றும், எதிர்ப்பட்டோர் வழிவிட்டு விலகவேண்டும் என்றும் அவர் கூறுகின்றார்.

மன்னனுக்கு உரிய மலர் எளிய வீட்டு முற்றத்திலும் பூக்கும். ஆனால், அதன் தேவையை அறிதல் வேண்டும். மல்லிகை புதிய தளிரின் நுனியிலே பூப்பது. ஆதலின் பூக்காலத்துக்கு முன்னர் கிளைகளை வெட்டிவிடுதல் வேண்டும். நல்ல வெயிலும் நிறைந்த நீரும் அதற்கு வேண்டும். உப்புத் திவலை அதற்கு ஆகாது. அது மிகுதியாகப் பூப்பதோ கோடையில். அஃதாவது, மல்லிகை நீர் கேட்கும் காலமும் கிணறு தாழும் காலமும் ஒன்றே. உட்துறைமுகத்தை நோக்கிய வீடுகளிலும், தம்பலகாமம் போன்ற நீர்வளமுள்ள இடங்களிலும் மல்லிகையைத் தயங்காது நடலாம். திறந்த கடலை நோக்கிய மணல் வளவிலே, கோடையில் உவர்க்கும் கிணற்றை நம்பி நடுவது, செடிக்கும் துன்பம், வீட்டாருக்கும் துன்பம்.

மல்லிகைக்கு அடுத்து நந்தியாவட்டை. இது என்றும் பசுமையானது, வெட்டி வைத்தால் அடக்கமாக நிற்பது, இரவிலே மென்மையான மணம் தருவது, சிவபூசைக்கு உகந்தது. அதன் கிளையை ஒடித்தாற் பால் வடியும். இப்பால் திருகோணமலையிலே ஒரு தனிப் பயன் உடையது. பிரெடெரிக் கோட்டையின் புள்ளிமான்கள் கோட்டைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. நகரத்து வீதிகளிலும் கடற்கரையிலும் உலாவுகின்றன. தளிரைக் கண்டால் அவை விடுவதில்லை. ஆடு மாடுகளும் அவ்வாறே. பால் உள்ள செடிகளை இவை அவ்வளவாக நாடுவதில்லை. எனினும், நேரடியான கடற்காற்றை நந்தியாவட்டை விரும்பாது. வீட்டின் மறைவிலோ வேலியின் மறைவிலோ நடுவது நன்று.

பவளமல்லிகை இரவிலே மலர்ந்து விடியலிலே உதிர்வது. நிலத்தில் வீழ்ந்த மலரைப் பூசைக்கு எடுப்பதில்லை என்ற வழக்கத்துக்கு இது ஒரு விலக்கு. காலையிற் படலை திறப்பவர் வெண்மையும் செம்மையும் கலந்த விரிப்பின்மீது நடப்பர். ஆனால், இது செடியாக நில்லாது சிறுமரமாக உயரும். வறட்சியில் இலை உதிர்த்துச் சில மாதங்கள் பொலிவிழந்து நிற்கும். தலைவாசலின் நடுவில் வைப்பதினும் முற்றத்து ஓரத்தில் வைப்பதே பொருந்தும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி முதலிலே திருகோணமலையைத் தாக்கிச் சென்றது. அத்தகைய காற்று வரக்கூடிய கரையிலே கூரைக்கு அண்மையில் மரமாக வளர்வனவற்றை நடாதிருத்தலே அறிவுடைமை.

இனி, கடலை நேரே நோக்கிய வீடுகள். இவற்றுக்கு ஈழத்தலரி ஏற்றது. பெயரிலே ஈழம் இருப்பினும் இதன் பிறந்தகம் அமெரிக்க வெப்பநாடுகள். சிங்கள மக்கள் அரலியா என அழைத்து விகாரைகளில் வளர்ப்பதும் இதுவே. தடித்த தண்டிலே நீரைச் சேமித்து வைப்பதால் கச்சானுக்கு அஞ்சாது; கடற்காற்றையும் தாங்கும். ஒரு கிளையை வெட்டி, பால் உலரச் சில நாள் நிழலில் வைத்து நட்டாற் போதும். இதன் மணத்திலே ஒரு வேடிக்கை உண்டு. இரவிலே மணம் மிகும். அம்மணத்தால் அந்துப்பூச்சிகள் தேனை நாடி வரும். ஆனால் பூவிலே தேன் இல்லை. ஏமாந்த பூச்சி பூவுக்குப் பூ சென்று தேடுகையில் மகரந்தம் இடம் மாறுகின்றது. இதனையும் ஆண்டுதோறும் வெட்டித் தாழ்வாக வைத்தல் வேண்டும்.

மருதோன்றியை மணச்செடியாக எண்ணுவோர் சிலரே. கைக்குச் சிவப்பூட்டும் இலையினாலேயே அது புகழ்பெற்றது. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் இல்லங்களின் திருமணங்களுக்கும் பெருநாட்களுக்கும் அது வேண்டும். தமிழர் இல்லங்களிலும் பெண்கள் விரும்புவது. அதனை வெட்டாது விட்டால், கொத்துக் கொத்தாகச் சிறு பூக்கள் மலர்ந்து முற்றம் முழுதும் மணக்கும். வறண்ட நாடுகளிலே பழகிய செடியாதலின் வேரூன்றிய பின் நீரை அதிகம் கேளாது. கடலுக்குச் சற்று உள்ளே, கிணறு ஆழமற்ற வீட்டுக்கு இதனினும் நல்ல துணை அரிது.

அலரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். உப்பையும் வறட்சியையும் அதுபோலத் தாங்குவன சிலவே; பூவும் அழகியது; மணமும் உண்டு. ஆயினும், இலை, பூ, தண்டு யாவும் நஞ்சு. மஞ்சட்பூ அலரியின் விதை கொடிய நஞ்சு. குழந்தைகள் விளையாடும் வாசலிலே இவற்றுக்கு இடம் கொடுத்தலாகாது. சிங்களத்தில் எட்டேரியா எனப்படும், கறிவேப்பிலைக்கு உறவான செடியின் மணம் மிக உயர்ந்தது. எனினும், எலுமிச்சை இனங்களுக்கு நோய் பரப்பும் ஒருவகைச் சிறுபூச்சி அதனிலும் வாழும். வளவிலே தேசிமரம் உள்ளவர் அதனைத் தவிர்த்தல் நன்று.

செடியைத் தெரிந்த பின் அதனை எங்கே நடுவது? மணம் காற்றின் வழியே செல்வது. பகலிலே கடற்காற்று நிலத்தை நோக்கி வரும். இரவிலே நிலக்காற்று கடலை நோக்கித் திரும்பும். மல்லிகை, நந்தியாவட்டை, ஈழத்தலரி யாவும் இரவிலே மணப்பவை. ஆகவே, கிழக்கு நோக்கிய வீட்டின் முன்னே கடலோரமாக நட்டால் மணம் கடலுக்கே போய்விடும். விறாந்தையில் மாலையில் அமர்வோருக்குக் காற்று எப்புறமிருந்து வருகின்றது என்பதைச் சில நாள் கவனித்து அப்புறத்தில் நடவேண்டும். மணத்தை நாடிப் பாம்பு வரும் என்று சிலர் அஞ்சுவர். பாம்பு நாடுவது பூவையன்று. புதரின் அடியிலே மறையும் எலியையும் தவளையையுமே. செடியின் அடியை நிலத்திலிருந்து ஒரு முழம் வெளியாக வைத்திருந்தால் அவ்வச்சத்துக்கு இடமில்லை.

நடும் காலம் ஒக்டோபர். முதல் மழையோடு நட்டால் கச்சான் வருமுன் வேர் ஆழச் செல்லும். இரண்டடி ஆழக் குழியின் அடியிலே பொச்சுமட்டைகளைப் பரப்பி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினால் மணலிலும் ஈரம் நிற்கும். கடலோரத்தில் வெளிவேலியாகச் சங்கங்குப்பியை வளர்க்கலாம். கரையோரத்துக்கே உரிய அச்செடியின் இலை கசக்கினால் நாறும். வெண்பூவோ இனிது மணக்கும். உப்புக்காற்றின் வேகத்தைத் தான் ஏற்று, உள்ளே நிற்கும் மென்மையான செடியைக் காப்பது அது.

இவ்வூரிலிருந்து கடல் கடந்து சென்ற குடும்பங்கள் பல கனடாவின் ரொறன்ரோ நகரிலும் வாழ்கின்றன. அங்கும் தலைவாசலிலே மணச்செடி வேண்டும் என்ற விருப்பம் குறையவில்லை. மல்லிகையை அங்கே வெளியில் நட்டாற் குளிர்காலத்தில் உறைந்து மடியும். சாடியில் வைத்து, பனிக்கு முன் வீட்டினுள் எடுத்து, வெயில் விழும் யன்னலோரம் வைத்துத்தான் காக்கவேண்டும். அந்நிலத்து வாசலுக்கு உரியது லைலாக். வசந்தத்திலே ஊதாவும் வெண்மையுமாகப் பூத்துத் தெருவெல்லாம் மணக்கும் அது, வாரக்கணக்கான கடுங்குளிரைப் பெற்றாலன்றி நன்கு பூக்காது. திருகோணமலையில் நட்டால் இலைகூடச் செழிக்காது. மல்லிகையைப் பூக்குமுன் வெட்டவேண்டும். லைலாக்கைப் பூத்து முடிந்தவுடன் வெட்டவேண்டும், ஏனெனில் அடுத்த ஆண்டின் அரும்பு அக்கோடையிலேயே அமைந்துவிடுகின்றது. ஒன்றில் மட்டும் இரு ஊர்களும் ஒத்திருக்கின்றன. திருகோணமலையின் வாசலுக்குக் கடல் உப்பைக் கொணர்கின்றது. ரொறன்ரோவின் வாசலுக்குப் பனிக்கட்டியை உருக்க வீதியிலே தூவும் உப்பு வந்து சேர்கின்றது. அங்கும் செடியை நடைபாதையின் ஓரத்திலிருந்து விலக்கி நடுவதே பாதுகாப்பு.

இவற்றால் தெளிவாவது இது. கடலை நேரே நோக்கிய வீட்டுக்கு ஈழத்தலரி. அதன் முன்னே சங்கங்குப்பி வேலி. கடலுக்குச் சற்று உள்ளே, நீர் குறைந்த வளவுக்கு மருதோன்றி. மறைவும் ஓரளவு நீரும் உள்ள முற்றத்துக்கு நந்தியாவட்டை. கோடையிலும் இனிக்கும் கிணறு உள்ளவருக்கு மல்லிகை. ஆவணி மாதத்துக் கச்சானிலே கிணற்றின் அடியைப் பார்த்து, குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரை எடுத்தபின் எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டுச் செடியைத் தெரிபவர் வீட்டிலே செடியும் வாழும். அந்திக்காற்றிலே அதன் மணமும் ஆண்டுதோறும் தவறாது வரும்.