கல்லும் மண்ணும் கற்பிக்கும் பாடம்



பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலவியல் கற்பிக்க என்னென்ன கருவிகள் வேண்டும் என்று கேட்டால், பலரும் வண்ணப் படங்களையும், கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய கற்களையும், இக்காலத்துக் கணினித் திரையையும் சொல்வார்கள். இவை யாவும் பயனுள்ளவையே. ஆயினும் இவற்றை வாங்க இயலாத பள்ளிகள் பல. வாங்கிய பள்ளிகளிலும் கற்பெட்டி பூட்டிய அலமாரியில் உறங்குவதுண்டு. காசு கொடுத்து வாங்காத கருவிகளைக் கொண்டே இக்கல்வியைச் செவ்வனே தொடங்கலாம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதில் தனியானதொரு வசதியும் உண்டு. இவ்விரண்டையும் இன்று எடுத்துக் கூற விரும்புகிறேன்.

பெங்களூரில் தமிழர் மிகுதியாக வாழும் நீலசந்திராவை எடுத்துக்கொள்வோம். நெருங்கிய வீடுகள், குறுகிய தெருக்கள். மலையும் இல்லை, ஆறும் இல்லை. இங்கே பூமியைப் பற்றிக் கற்பிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் மேற்கே மூன்று நான்கு கிலோமீட்டர் சென்றால் லால்பாக் தோட்டம் வந்துவிடுகிறது. அங்கே, கெம்பே கவுடா கோபுரத்தைத் தலையில் தாங்கி நிற்கும் பாறையில் விடுமுறை நாட்களில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். அந்தப் பாறையின் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் 1916-இல் இவ்வகைப் பாறைக்குத் ‘தீபகற்ப நைஸ்’ என்று பெயரிட்டார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதனைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

ஆசிரியர் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, முதலில் எதையும் சொல்லாமல், பார்க்கச் செய்ய வேண்டும். வெளுத்த பட்டைகளும் கறுத்த பட்டைகளும் மாறி மாறி வளைந்து ஓடுவதை அவர்களே காண்பார்கள். வெளுப்பாக இருப்பவற்றுள் ஒன்று, நம் கிராமத்துப் பிள்ளைகள் தேய்த்துப் பொறி எழுப்பி விளையாடும் வெங்கச்சங்கல். கறுப்பாக மினுக்குவது காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகத்தின் ஒரு வகை. பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை இளகி வளைந்ததன் தழும்புகளே அந்தப் பட்டைகள். உருமாறிய பாறை என்று பாடநூல் ஒரே வரியில் கூறுவதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேறு எங்கே கிடைக்கும்? ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நினைவுச் சின்னத்திலிருந்து ஒரு சில்லைக்கூட உடைத்து எடுத்தல் ஆகாது. கண்ணால் பார்ப்பதும் தாளில் வரைவதுமே அங்கே செய்யத்தக்கவை.

300 கோடி என்றால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? இதற்கு ஐந்து கெஜக் கயிறு ஒன்று போதும். ஐந்து கெஜம் ஏறக்குறைய 457 சென்டிமீட்டர்; பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. ஆகவே ஒரு சென்டிமீட்டரை ஒரு கோடி ஆண்டாகக் கொள்ளலாம். கயிற்றின் ஒரு முனையை இன்றைய நாள் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து 300 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சுப் போட்டால் அது லால்பாக் பாறை. டைனசோர்கள் மறைந்த காலம் 6.6 சென்டிமீட்டரில் நிற்கும். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களின் காலம் 2 சென்டிமீட்டர். நம் மனித இனம் தோன்றி ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டு. கயிற்றில் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கயிற்றை வகுப்பறையின் நடுவே ஒரு முறை இழுத்துப் பிடித்துக் காட்டினால், பிள்ளை அதை ஆயுள் முழுவதும் மறவான்.

அடுத்து மண். கடைக்காலுக்குத் தோண்டிய மண்ணில் ஒரு பிடி எடுத்து, நீர் நிறைந்த கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். பரல் முதலில் படியும், பின்பு மணல், அதன்மேல் வண்டல், களிமண் மறுநாள் வரையிலும் கலங்கலாக நிற்கும். ஆற்றின் அடியிலும் கடலின் அடியிலும் படிவுப் பாறைகள் அடுக்கடுக்காக உருவாகும் முறையைப் பிள்ளைகள் இதன் மூலம் கண்ணால் காண்கிறார்கள்.

அந்த மண்ணை மழைநீர் எங்கே கொண்டுபோகிறது என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். நீலசந்திராவில் பெய்யும் மழை சரிவின் வழியே தென்கிழக்காக ஓடிப் பெள்ளந்தூர் ஏரியையும் வர்த்தூர் ஏரியையும் அடைந்து, தட்சிணப் பினாகினியில் கலக்கிறது. நாம் தென்பெண்ணை என்று அழைப்பதும் அந்த ஆற்றைத்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவலூர் எனக் கடந்து அது கடலூருக்கு அருகே வங்கக் கடலில் சேர்கிறது. இடையே அணைகள் பல இருப்பினும், வழி அதுவே. வரைபடத்தில் ஒரு நூலை வைத்து இவ்வழியைப் பிள்ளை அளந்து பார்க்கட்டும். மாநில எல்லை நிலத்துக்குத் தெரியாது என்பதை அந்த நூல் அவனுக்குச் சொல்லிவிடும்.

இனி, நான் முதலில் குறிப்பிட்ட தனி வசதிக்கு வருவோம். புலம்பெயர்ந்து வாழ்வோரின் வகுப்பறையில் பல ஊர்களின் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு பிள்ளையும், தடை இல்லாத இடத்திலிருந்து ஒரு சிறு கல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? சேலத்துப் பிள்ளை வெள்ளை வெளேரென்ற மாக்னசைட்டைக் கொண்டுவருவான். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் செந்நிறத் தேரி மணலைக் கொண்டுவருவாள். அரியலூர்ப் பிள்ளையின் சுண்ணாம்புக் கல், அவ்வூர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்ததைச் சொல்லும். சென்னைப் பிள்ளையிடமிருந்து சார்னோக்கைட் வரும். பரங்கிமலை அந்தப் பாறையால் ஆனதுதான். கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறையில் அக்கல் இருந்ததால் அதற்கு அப்பெயர் வந்தது.

கோலாரிலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பங்களில் கல்லோடு கதையும் இருக்கும். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கி, 2001-இல் மூடப்பட்ட அந்தத் தங்கச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சுரங்கத்தில் பாறையே சுட்டது. அழுத்தம் தாளாமல் அது வெடித்துச் சிதறியதும் உண்டு. ஆழம் செல்லச் செல்ல வெப்பம் மிகும் என்பதை உடலால் அறிந்த பெரியவர் எவரேனும் அக்கம்பக்கத்தில் இருந்தால், அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். எந்தப் படமும் அவருக்கு ஈடாகாது.

இவ்வாறு சேரும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு வேண்டும். ஊர், நாள், கிடந்த இடம் மூன்றையும் அதில் எழுத வேண்டும். இடம் தெரியாத கல் வெறும் கல். இடம் தெரிந்த கல்லே சான்று. சீட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினால் இன்னும் நல்லது. நாம் கல் என்பதைக் கன்னடத்தார் கல்லு என்கிறார்கள். மண்ணை மண்ணு என்றும், நீரை நீரு என்றும் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்து மொழியும் அயல்மொழி அன்று என்பதைப் பிள்ளைகள் போகிறபோக்கில் உணர்ந்துகொள்வார்கள்.

இவை யாவும் பொழுதுபோக்குக்காக அல்ல. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டதையும், மக்கள் குடங்களோடு தண்ணீர் வண்டிகளுக்குக் காத்து நின்றதையும் நாம் அறிவோம். அதன் காரணத்தில் பெரும்பகுதி பாறையில் எழுதியிருக்கிறது. ஒரு செங்கல்லின்மீதும் ஓர் அம்மிக்கல்லின்மீதும் ஒவ்வொரு கரண்டி நீர் விட்டுப் பாருங்கள். செங்கல் உறிஞ்சிக்கொள்ளும், அம்மியில் நீர் வழிந்து ஓடும். பெங்களூரின் அடியில் இருப்பது அம்மியை ஒத்த கடும்பாறை. நீர் தங்குவது மேலே சிதைந்த மண்ணிலும் பாறையின் வெடிப்புகளிலுமே. மழைநீர் உள்ளே இறங்கும் இடங்களை நாம் மூடிவிட்டு, வெடிப்புகளில் உள்ளதை எடுத்துக்கொண்டே இருந்தால், எத்தனை ஆழம் துளைத்தாலும் பயன் குறைவே.

தெருவில் எங்கேனும் ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது, பிள்ளைகளைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் வெளிவரும் தூளை ஆழத்தின் வரிசைப்படி சிறு புட்டிகளில் வாங்கி வைக்கலாம். முதலில் செம்மண், பிறகு உதிர்ந்த பாறை, அதன்பின் சாம்பல் நிறக் கல்தூள் என்று வரும். அவ்வரிசையே அந்தத் தெருவின் நிலவியல். அதைக் கண்டு வளரும் பிள்ளை, நாளை வீடு கட்டும்போது மழைநீருக்கு ஒரு குழி விடாமல் கட்டமாட்டான்.

ஆகவே, பெற்றோர்களே, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பிள்ளையின் பையில் ஒரு சிறு கல்லுக்கும் இடம் விட்டு வையுங்கள். ஆசிரியர்களே, அந்தக் கல்லை வைக்க வகுப்பறையில் ஒரு பலகையை ஒதுக்கி வையுங்கள். இரண்டுக்கும் செலவு இல்லை. பிறந்த மண்ணையும் வாழும் மண்ணையும் ஒருங்கே அறிந்த தலைமுறை ஒன்று அந்தப் பலகையின் முன்னால் உருவாகும்.