இரு தரப்பையும் கேட்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



முன்பு நான் பணியாற்றிய பள்ளிவாசலொன்றில் நோன்புக் கஞ்சிக்காக வசூலான தொகையில் ஒரு பகுதி காணாமற்போயிற்று. அங்கு வேலை பார்த்த முதியவர் ஒருவர் மீது என் ஐயம் விழுந்தது. அதன்பின் அவர் மௌனமாக இருந்தால் குற்ற உணர்வாகவும், சிரித்துப் பேசினால் நடிப்பாகவும் எனக்குத் தோன்றிற்று. பத்து நாட்கள் கழித்து அத்தொகை பழைய ரசீதுப் புத்தகத்தினுள் கிடைத்தது. அதை அங்கு வைத்து மறந்தவன் நானே! அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையுடன் மன்னித்தார்.

இது என் ஒருவனுடைய நோயன்று. பீட்டர் வேசன் என்னும் உளவியல் அறிஞர் 1960-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 2, 4, 6 ஆகிய எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அவ்விதியைக் கண்டறிய வேண்டும் என்றார். பலரும் இரண்டிரண்டாகக் கூடுகிறது என முடிவு செய்து, 8, 10, 12 போன்ற எண்களையே சொன்னார்கள். “பொருந்துகிறது” என்ற பதிலும் கிடைத்தது. ஆனால் விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தம் பிழை புலப்பட்டிருக்கும். தம் எண்ணத்தை மறுக்கக்கூடிய கேள்வியைக் கேட்க மனம் இடந்தரவில்லை!

வரலாற்றுச் செய்திகளில் பொய் புகுவதற்கான காரணங்களை 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் ஆராய்ந்துள்ளார்கள். ஒரு கருத்தின்மீது சார்பு கொண்ட உள்ளம், அதற்கு இசைவான செய்தியை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும் என்பதை அவற்றுள் முதன்மையாகச் சுட்டுகிறார்கள்.

மற்றொரு பலவீனமும் உண்டு. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று, மெய்யாயினும் பொய்யாயினும், உண்மைபோல் தோன்றும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1977-இல் எடுத்துக்காட்டினார்கள். ஒரே செய்தி ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்தால் ஐந்து சாட்சிகள் ஆகிவிடுமா? நேரில் கண்டவர் ஒருவரேனும் உண்டா எனக் கேளுங்கள்.

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். குடும்பத் தகராறாயினும், கணக்கு வழக்காயினும், நம் ஜமாஅத்திற்கு வரும் ஒவ்வொரு விவகாரத்திலும் இதையே கடைப்பிடிப்போம். “என் எண்ணம் தவறென்றால் அதை எதைக்கொண்டு அறிவேன்?” என்று முடிவுக்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அன்று நான் அப்படிக் கேட்டிருந்தால், ஒரு முதியவரின் மானத்தை என் உள்ளத்தில் பத்து நாட்கள் குலைத்திருக்க மாட்டேன்.

வல்ல அல்லாஹ் நம் பார்வையை நேராக்கி அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.