நிற்கிற அழகா, ஓடுகிற அழகா?



"சொந்தக் காரை விருப்பம்போல் மாற்றுவது ரசனையே! ஆபத்தே!" என்பது தலைப்பு. ஆபத்தே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "என் காசு, என் காரு, என் ரசனை. இதிலே உங்களுக்கு என்ன வந்தது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான் தம்பி. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

சீட்டுக்கு உறை போடுங்க, முன்னாடி பிள்ளையார் வையுங்க, யார் வேண்டாம்னா? நான் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேசறேன். அதுக்குப் பேரு வீல் ஸ்பேசர். கார் ஓட்டாதவங்களுக்கும் புரியும்படி சொல்றேன். உளுந்து வடை பாத்திருக்கீங்க இல்லையா? வட்டமா, நடுவிலே ஓட்டையோட! அந்த மாதிரி அலுமினியத்திலே ஒரு வட்டு. சக்கரத்தைக் கழற்றி, அது உட்காருகிற ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இதைச் செருகிவிடுவார்கள். வட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். காரைப் பார்த்தால், காலை அகட்டி நிற்கிற பயில்வான் மாதிரி இருக்கும்.

எங்க தெருப் பையன் ஒருத்தன் இதை மாட்டிக்கொண்டு வந்தான். "ஏம்ப்பா இது?"ன்னேன். "ஸ்டான்ஸ் மாமா, ஸ்டான்ஸ்!"ன்னான். "அப்படின்னா?" "கார் நிக்கிற அழகு மாமா!" நான் கேட்டேன், "ஏன்டா, கார் வாங்கினது ஓடறதுக்கா, நிக்கறதுக்கா?" (சிரிப்பு)

நடுவர் அவர்களே, ஓடும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது நாலைந்து போல்ட், அதன் மேல் ஏறுகிற நட். 12 மில்லிமீட்டர் போல்ட், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மரை என்று வையுங்கள். போல்டை மாற்றாமல், சும்மா 10 மில்லிமீட்டர் வட்டைச் செருகினால், ஆறு சுற்றுக்கு மேல் மரை உள்ளேயே முழுங்கிவிடும். மிச்சம் இரண்டு, மூன்று சுற்றில் ஒரு சக்கரம் தொங்கும்! மரை கழண்டவன்னு நாம மனுஷனைத்தான் சொல்வோம். இது வண்டிக்கே மரை கழட்டுற வேலை! (கைதட்டல்)

இன்னொன்று. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள், வலி தெரியாது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடியுங்கள், தோள்பட்டை கழன்றுபோகும். குடம் அதே குடம்தான், எடையும் அதே எடைதான், தூரம்தான் கூடுதல். சக்கரத்தை வெளியே தள்ளினால் உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் அதே கதி.

"ஜெர்மனியிலே விக்கிறானே, பந்தயக் காரிலே இருக்கே"ன்னு எதிரணி கேட்கும். இருக்கிறது. அங்கே ஹப்பிலே கச்சிதமாக உட்காருகிற வட்டு, அதற்கேற்ற நீளத்தில் போல்ட், சோதனைச் சான்றிதழ், எல்லாம் உண்டு. சான்றில்லாததை மாட்டினால் அந்த ஊரிலே வண்டியை ரோட்டில் ஓட்டும் அனுமதியே போய்விடும். அவன் வட்டை மட்டும் எடுத்துக்கிட்டோம், சட்டத்தை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்!

நம்ம நாட்டிலும் சட்டம் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது.

சட்டத்தை விடுங்க, இந்த ஊர்க் காற்றுக்கு யார் பதில் சொல்வது? உப்பளத்துப் பக்கம் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? இரும்பு ஹப், அலுமினிய வட்டு, நடுவிலே உப்பு ஈரம். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது பேட்டரி மாதிரிதான். அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூக்கும். வட்டு சமமாக உட்காராது. முடுக்கின நட் மெல்ல மெல்லத் தளரும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே அரிப்பு!

இப்போ தம்பியோட கேள்விக்கு வர்றேன். உங்களுக்கு என்ன வந்தது? சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற அத்தனை காரும் இந்த உப்பளங்களைத் தாண்டித்தான் போகிறது. விடியற்காலையில் அதே ரோட்டோரம் சைக்கிளிலும் நடந்தும் வேலைக்குப் போகிற அண்ணனும் அக்காவும் இருக்காங்க. கழன்ற சக்கரம், "இது யார் காசு, யார் ரசனை"ன்னு கேட்டுட்டா உருளும்? காருக்குள்ளே இருக்கிறவனுக்கு பெல்ட் இருக்கு. ரோட்டோரம் போறவங்களுக்கு என்ன இருக்கு? உன் ரசனைக்கு அவங்க ஏன் விலை கொடுக்கணும் தம்பி?

நிறைவாக ஒன்று. சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர்கள் மேடு பள்ளம் தாண்டி வண்டி ஓட்டினார்கள். வழியில் என்ன நேருமோ என்று வண்டிக்கு அடியில் கூடுதலாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதைப் புறநானூற்றில், 102-ஆம் பாட்டில், ஔவையார் சொல்கிறார். பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வண்டிக்குப் பலம் சேர்த்தான் உப்பு வணிகன். நாமோ பார்க்கிறவன் கண்ணுக்காக அச்சோடு விளையாடுகிறோம்.

வண்டிக்கு அழகு, ஏறினவனும் எதிரே வந்தவனும் பத்திரமாக வீடு சேருவது. ஆகவே ஆபத்தே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.